முட்டை மலையேறும் பாதை

வாணியம்பாடி

மார்கழியில் முட்டை விலை ஏறுவது நாமக்கல்லுக்குப் புதிதில்லை. புரட்டாசியில் பெருமாளுக்காகவும் கார்த்திகையில் ஐயப்பனுக்காகவும் தமிழ்நாட்டு வீடுகள் முட்டையை ஒதுக்கிவைக்கும், விலை தணியும். பிறகு வடக்கே குளிர் இறங்கும், கிறிஸ்துமஸ் கேக்கும் புத்தாண்டு கேக்கும் வரும், விலை எழும்பும். 2025இல் இந்தக் கணக்கு தப்பிவிட்டது. மாலை போட்டவர்கள் முட்டையைத் தொடாத கார்த்திகையிலேயே நாமக்கல் பண்ணை விலை ஆறு ரூபாயைத் தாண்டி, அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. மார்கழியிலும் அது இறங்கவில்லை. அந்த அரையாண்டு விடுமுறை நாட்களில்தான், முட்டை விலையைப் பின்தொடர்ந்து, நான் ஜவ்வாது மலைக்குக் கிளம்பினேன்.

வாணியம்பாடியில் இறங்கினால் முதலில் மூக்குக்குத் தெரிவது பிரியாணி. சீரக சம்பா சோறும், புளிப்பேறிய கத்தரிக்காய் தொக்கும், வெங்காயத் தயிரும். ஆம்பூரா வாணியம்பாடியா என்ற பழைய வழக்கில் நான் வாணியம்பாடி கட்சி. அந்த ஊரின் பேக்கரிகளையும் அதே அளவு பிடிக்கும். புத்தாண்டு நெருங்கியதால் ஒரு பேக்கரியின் பின்கட்டில் முட்டை அட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மாவு கலக்கிக்கொண்டிருந்த பெரியவர், “கேக்குல முட்டைய குறைச்சா வாயில வெச்சதும் தெரிஞ்சிடும்மா. விலைய ஏத்தினா வாங்கற கை குறையுது. துண்டைத்தான் கொஞ்சம் சின்னதா வெட்டறோம்” என்றார். வேலையில் நேர்மை குறையக் கூடாதென்று நினைக்கிறவரின் வருத்தம் அந்தக் குரலில் இருந்தது.

ஆலங்காயம்

வாணியம்பாடியிலிருந்து தென்கிழக்கே போகும் சாலையில் மாந்தோப்புகளும் தென்னைகளும் கடந்து, மலை ஒரு நீலச் சுவராக எழுந்து நிற்கும் இடத்தில் ஆலங்காயம் இருக்கிறது. முன்பு வேலூர் மாவட்டம். 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. மலைக்காரர்களுக்கு இதுதான் கீழ்நாட்டின் முதல் கடைத்தெரு. புளியும் தேனும் சாமையும் பலாவும் இறங்கி வரும். உப்பும் எண்ணெயும் சோப்பும் துணியும் ஏறிப்போகும். இப்போது ஏறிப்போகிறவற்றில் முட்டையும் ஒன்று.

கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையின் ஓரமாக நெடுநேரம் நின்றிருந்தேன். சென்னையில் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு அட்டை வரும். முப்பது முட்டை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பாதி, தட்டில் பாதி. விலை ஏறியது மாதக் கடைசியில் பில் பார்த்தால்தான் தெரியும். ஆலங்காயம் கடையில் நான் பார்த்த பெரும்பாலோர் அட்டை வாங்கவில்லை. “ரெண்டு குடுண்ணா.” “ஒண்ணு போதும், பையனுக்கு மட்டும்.” காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதில் ஒற்றை முட்டையை வைத்து, சேலை முந்தானையில் பத்திரப்படுத்திக்கொண்டு ஒரு பெண் போனாள். அட்டையாக வாங்குகிறவருக்கு ஒரு விலை, ஒற்றையாக வாங்குகிறவருக்கு வேறு விலை. நாமக்கல்லில் ஆறு ரூபாய் சொச்சத்துக்குப் புறப்பட்ட முட்டை அன்று இங்கே சில்லறையில் ஏழரை. கையில் காசு குறைந்தவர்தான் ஒவ்வொரு முட்டைக்கும் கூடுதலாகக் கொடுக்கிறார்.

கடைக்காரர் கறாரான ஆள். ஆனால் விஷயம் தெரிந்தவர். “எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க. மக்காச்சோளத்தப் போய் கேளுங்கம்மா” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. முட்டைக்கோழி வளர்ப்பில் பெருஞ்செலவு தீவனம். அதில் பெரும்பங்கு மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலை மக்காச்சோளத்திலிருந்து எடுப்பது அண்மை ஆண்டுகளில் வேகமாகப் பெருகியது. ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024இல் மக்காச்சோளத்தை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. வண்டிக்கும் கோழிக்கும் நடக்கும் போட்டியில் விலை ஏறியது. ஒரு வெள்ளைக் கோழி நாளொன்றுக்கு நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே தீவனம் தின்னும். கிலோவுக்கு ஓரிரு ரூபாய் ஏறினாலும் அது முட்டை ஓட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பறவைக் காய்ச்சல் கோடிக்கணக்கான முட்டைக்கோழிகளை அழித்து, 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை ஆறு டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டு நாமக்கல் முட்டை அமெரிக்காவுக்கும் கப்பலேறியதைக் கடைக்காரர் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார். “அமெரிக்காவுக்குப் போவுது. நம்ம மலைக்குப் போவறதுதான் கஷ்டம்” என்று, சாலையோரம் நின்றிருந்த ஒரு பையனைக் காட்டினார்.

அந்தப் பையன் மலையில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் மகன். மோட்டார் சைக்கிளின் பின்னால் முட்டை அட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். அடியில் ஒரு கோணி, மேலே ஒரு கோணி, குறுக்கும் நெடுக்கும் ரப்பர் கயிறு. “வளைவுல பிரேக் போடக் கூடாதுக்கா. கியர்லயே எறக்கி ஏத்தணும். உடைஞ்சா நஷ்டம் நம்முது” என்றான். மலைமேல் அப்போது ஒரு முட்டை எட்டு ரூபாய். சில நாள் எட்டரை. உடைசலும் பெட்ரோலும் அவன் ஒரு நாள் உழைப்பும் அதற்குள் அடங்கும். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாலையோர டிபன் கடையில் தோசைக்கு ஆம்லெட் கேட்டேன். விலைப் பலகையில் ஆம்லெட்டுக்கு நேரே இருந்த பழைய எண்ணின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டிப் புது எண் எழுதியிருந்தார்கள். வெங்காயமும் பச்சை மிளகாயும் தாராளம். மிளகுத்தூளைத் தூவித் திருப்பிப் போட்ட ஆம்லெட், கல்லின் சூட்டோடு வந்தது.

காவலூர்

ஆலங்காயம் தாண்டினால் காடு. சந்தன மரங்களுக்குப் பேர்போன மலை இது. திருட்டு வெட்டுக்கும் அதே அளவு பேர்போனது. வளைவுகளில் குளிர் கூடிக்கொண்டே வந்து, காவலூரில் மரங்களுக்கு மேல் வெள்ளைக் கோபுரமாக வைணு பாப்பு வானோக்கு நிலையம் தலைகாட்டியது. 1960களில் இந்த இடத்தை வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்தார். 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986இல் வந்தது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டென்று 1977இல் உலகம் கண்டறிந்தபோது, அதைக் கவனித்த இடங்களில் இந்த மலையும் ஒன்று. அன்று வானம் மூடியிருந்ததால் நான் நிற்கவில்லை.

மலைமேல் ஒரு சிற்றூர்

மளிகைக்கடைப் பையனின் வண்டி எனக்கு முன்னே போய்ச் சேர்ந்திருந்தது. அவன் ஊர் காவலூருக்கும் ஜமுனாமரத்தூருக்கும் இடையே சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மலையாளிகள் என்ற பழங்குடி மக்களின் ஊர். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து தங்கள் முன்னோர் மலையேறி வந்ததாக அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். சாமை அறுத்து முடிந்திருந்தது. பாறைக் களத்தில் வைக்கோல் குவிந்திருக்க, கோழிகள் அதைக் கிளறிக்கொண்டிருந்தன. சிவப்பு, கறுப்பு, புள்ளி, கழுத்தில் மயிரில்லாதது என்று எந்த இரண்டும் ஒரே நிறமில்லை.

முட்டை விலை தேடி மலையேறி வந்தவளுக்கு அந்தக் கோழிகளைப் பார்த்ததும் ஒரு கேள்வி எழுந்தது. வீட்டுக்கு வீடு கோழி மேய்கிற ஊருக்கு ஆலங்காயத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் முட்டை ஏன் வர வேண்டும்?

பதில் சொன்னவர் எழுபது வயதைக் கடந்த ஒரு ஆயா. திண்ணையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கவிழ்த்த கூடைக்குள் ஒரு பெட்டை அடைகாத்துக்கொண்டிருந்தது.

“இதுங்க முட்டைய நாங்க துன்றதில்லமா. ஒரு முட்டைய அவிச்சிக் குடுத்தா அன்னிக்கோட போச்சு. அடைக்கு வெச்சா கோழி வரும். கோழி வித்தா பேரனுக்கு நோட்டு வாங்கலாம், எனக்கு மாத்திரை வாங்கலாம்.”

“விக்கறதுமில்லையா ஆயா?”

“கேக்கறவங்களுக்குக் குடுப்பேன். டவுன்காரங்க வந்தா நாட்டுக்கோழி முட்டைக்குப் பதினைஞ்சு ரூபா தராங்க. அதுல ஆலங்காயத்துல ரெண்டு வெள்ளை முட்டை வாங்கிடலாமே?”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவருடைய கணக்கில் ஒரு பிசகும் இல்லை. நாட்டுக்கோழி ஒரு ஈடுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இடும். பிறகு இருபத்தொரு நாள் அடை, அப்புறம் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேய்ச்சல். ஆண்டு முழுக்கச் சேர்த்தால் அறுபது, எண்பது முட்டை. பண்ணையில் வளரும் வெள்ளைக் கோழியோ ஆண்டுக்கு முந்நூறுக்கு மேல் இடும். அடைகாப்பதையே மறந்துபோன இனம் அது. ஆயாவின் கூடையில் இருக்கும் பன்னிரண்டில் எட்டோ ஒன்பதோ பொரிக்கும். கீரி ஒன்று தூக்கும், பருந்து ஒன்று தூக்கும், சீக்கில் சில போகும். மிஞ்சுகிற மூன்று நான்குதான் அந்த வீட்டின் கையிருப்பு. அதிலிருந்து ஒரு முட்டையை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுப்பது அந்த வீட்டுக்கு மிகப் பெரிய செலவு.

கோழி இருக்கிற வீடு முட்டை தின்னாது. முட்டை தின்ன வேண்டுமானால் நாமக்கல் முட்டை வர வேண்டும். அதனால்தான் இந்த விலையேற்றம் மலையின் கடைசி வீடு வரை தைக்கிறது. நாட்டின் மொத்த முட்டை உற்பத்தியைத் தலைக்குப் பங்கிட்டால் 2023–24இல் ஆளுக்கு ஆண்டுக்கு 103 வந்தது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆளுக்கு 180 வேண்டும் என்கிறது. அந்த 103இல் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் எத்தனை, இந்தத் திண்ணைக்கு எத்தனை என்று சராசரி சொல்லாது. உற்பத்தியில் ஆந்திரத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கும் தமிழ்நாட்டிலேயே இந்த நிலை.

மதியம் ஆயாவின் மருமகள் சாமைச் சோறு போட்டார். மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு, பக்கத்தில் வறுத்த மிளகாய். புதுச் சாமைக்கு ஒரு மணம் உண்டு. உதிரியாக, லேசான இனிப்போடு தொண்டையில் இறங்கும். அதைச் சென்னையில் பொட்டலத்தில் வாங்கிச் சமைத்தால் வராது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். விருந்தாளிக்கென்று மருமகள் ஒரு முட்டையை வறுத்துக் கொண்டுவந்து என் தட்டில் வைத்தார். எட்டு ரூபாய் வெள்ளை முட்டை. தடுக்க முடியவில்லை. விருந்தோம்பலைத் தடுப்பது அவமரியாதை. பாதியைப் பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரனின் தட்டில் வைத்தேன். அவன் அம்மாவைப் பார்த்தான். அவர் தலையசைத்த பிறகு எடுத்தான்.

நாலாம் வகுப்புப் பையன். “இஸ்கோல்ல தெனம் தருவாங்க. லீவு வுட்டாத்தான் இல்ல” என்றான்.

அவன் சொல்லும் ‘தெனம்’ ஒரே நாளில் வந்ததல்ல. எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியபோது அதில் முட்டை இல்லை. 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்தது. 1998இல் வாரம் ஒன்றானது. 2006இல் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும். 2013 முதல் ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதங்களோடு மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை என்று வகை வந்தது. ஆட்சிகள் மாறியும் ஒருவர் கொடுத்ததை அடுத்தவர் பறிக்காமல் கூட்டிக்கொண்டே போன சில விஷயங்களில் இது ஒன்று. இதற்காகத் தமிழ்நாட்டைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. நாமக்கல்லில் விலை ஐந்தானாலும் ஆறரையானாலும் முத்திரை குத்திய அந்த முட்டை பிள்ளையின் தட்டுக்கு இலவசமாக வரும். இந்த ஊரில் விலையேற்றம் எட்டாத ஒரே முட்டை அதுதான்.

அதனால்தான் விடுமுறை உறுத்துகிறது. விலை உச்சத்தில் இருக்கும் மார்கழியில் பள்ளி மூடுகிறது. கோடையில் ஒரு மாதத்துக்கும் மேல் மூடுகிறது. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் அடைத்துக் கிடந்தபோது சத்துணவுப் பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்குக் கொடுக்க அரசு ஏற்பாடு செய்தது. அன்று முடிந்தது இன்று மலையூர்ப் பிள்ளைகளுக்காவது ஏன் முடியாது? மளிகைக்கடைப் பையன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வருகிற அட்டைகளை அரசு வண்டி ஏற்றி வர முடியும். இதைச் சலுகையாக நான் கேட்கவில்லை. கொள்ளும் அவரையும் சாமையும் தின்று வளரும் பிள்ளைக்கு ஒரு முட்டையின் ஆறு கிராம் புரதம் பெரிய விஷயம்.

ஜமுனாமரத்தூர்

மாலையில் ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்ந்தபோது பனி இறங்கிவிட்டது. இது திருவண்ணாமலை மாவட்டம். மலை ஒன்றுதான், மாவட்டம் வேறு. பீமன் அருவியையும் கோமுட்டேரி படகையும் பார்க்க வந்த கார்கள் சாலையோரம் நிற்க, கடைகளில் தேனும் சாமையும் விற்பனை மும்முரம். ஒரு கடையில் நாட்டுக்கோழி முட்டையைச் சின்ன மூங்கில் கூடையில் அடுக்கி வைத்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த குடும்பம் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டது. வாங்கியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் காசு ஆயா போன்றவர்களின் வீட்டுக்குத்தான் போகிறது. ஆனால் ஊரில் கோழி பெருகினால் மட்டுமே விற்கவும் தின்னவும் முட்டை மிஞ்சும். பெருகாமல் தடுப்பது எது?

டீக்கடையில் அறிமுகமான, கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் அதற்குப் பதில் சொன்னார். “கீரியும் பருந்தும் சும்மா பேருக்குமா. ஊரையே காலி பண்றது கழிச்சல்.” ராணிக்கெட் நோய். வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். கோடையில் வந்தால் ஒரு தெருவின் கோழிகள் ஒரே வாரத்தில் கழுத்தைத் திருகிக்கொண்டு செத்துவிழும். குஞ்சின் கண்ணில் ஒரு சொட்டு, எட்டு வாரத்தில் ஒரு ஊசி, அவ்வளவுதான் தடுப்பு மருந்து. அதுவும் அரசு முகாமில் இலவசம்.

“அப்புறம் ஏன் சாகுது?”

“குப்பி அப்படி. ஒரு குப்பில நூறு கோழிக்கு மருந்து இருக்கும். கலக்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும், ஐஸ்ல வெச்சிருக்கணும். மலைல ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடந்து போறதுக்குள்ள மருந்து வீணாப்போயிடும். காலைல தெறந்துவுட்டா கோழி காட்டுக்குள்ள போயிடும், புடிக்கவே முடியாது. விடியறதுக்கு முன்னாடி ஊர்க்காரங்களே எல்லாக் கோழியையும் கூடையில போட்டு ஒரே எடத்துக்குக் கொண்டாந்தா, ஆளு வந்து அரை மணில முடிச்சிட்டுப் போயிடுவான்.”

நாமக்கல் பண்ணையில் ஒரே கூரையின்கீழ் ஆயிரக்கணக்கான கோழிகள். அங்கே குப்பி வீணாவதில்லை. மருந்து பண்ணைக்கு ஏற்ற அளவில் வருகிறது. கலைந்து கிடக்கும் மலையூருக்கு ஏற்ற அளவில் வருவதில்லை. பத்துப் பதினைந்து கோழிக்கான சின்னக் குப்பி ஒன்று மலிவாக வந்தால், ஆயாவின் கூடையிலிருந்து மூன்றுக்குப் பதிலாக ஏழு தேறும். ஏழு தேறினால் பேரனுக்கு வாரம் இரண்டு முட்டையாவது மனசு நோகாமல் எடுக்கலாம்.

போளூர் இறக்கம்

மறுநாள் கிழக்கே போளூர் பக்கமாக இறங்கினேன். இந்தப் பக்கம் வளைவுகள் விசாலமானவை; செய்யாறு பிறக்கும் மலை என்பதால் பள்ளங்களில் அப்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பேசிக்குச் சிக்னல் கிடைத்ததும் மளிகைக்கடைப் பையனைக் கூப்பிட்டேன். தை முடிந்து மாசி பிறக்கும் நாட்களில் கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாம் வழக்கமாக நடக்கும், ஊரில் நூறு கோழி ஒரே இடத்தில் சேருமா என்று கேட்டேன்.

“எங்க தெருவுல மட்டும் அறுபது தேறும்க்கா. குஞ்சையும் சேக்கலாமா?”

சேர்க்கலாம், குஞ்சுக்குச் சொட்டு மருந்து என்றேன்.

“அப்ப மேலூர்க்காரங்களையும் கேக்கறேன். நாளைக்கு எப்படியும் முட்டை எடுக்க ஆலங்காயம் போவணும். அங்க மாட்டு ஆஸ்பத்திரில எந்தத் தேதின்னு கேட்டுக்கினு வந்துடறேன்.”